துக்க வீட்டு மரியாதை

யுகேந்திரனுக்கு விழைவறி கொடுத்த எண் தொண்ணூற்று நான்கு.

நூற்றுக்கு எண்பதைத் தாண்டினாலே மூச்சுத்துணைக் கருவியை நிறுத்திவிடலாம் என்பது சட்டம். தொண்ணூற்று நான்கு என்றால் டாக்டர்கள் குரலைத் தாழ்த்தி, முகத்தில் ஒரு நிம்மதியோடு பேசுவார்கள். யுகேந்திரனின் மனைவி சுபிக்‌ஷாவை ‘அமைதியறை’ என்று பெயர் எழுதிய சின்ன அறையில் உட்காரவைத்து, நல்ல காபி கொடுத்து, அப்படித்தான் பேசினார்கள். மூளையின் அடித்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால், ஐம்பத்தோரு வயதில் விரலைக்கூட அசைக்க முடியாமல் படுத்துவிட்ட மனிதர் அவர். தனக்கு என்ன வேண்டும் என்று இனி வாய் திறந்து சொல்லப்போவதில்லை. ஆனால் நன்றாக இருந்த காலத்தில் நிறையவே சொல்லியிருக்கிறார். அத்தனையையும் விழைவறி கேட்டு எடை போட்டுவிட்டது. இப்படிப் படுத்துக் கிடக்க அவருக்கு விருப்பமில்லை.

“நீங்க முடிவு பண்ண வேண்டியது எதுவுமே இல்லம்மா. அவரே பண்ணிட்டார்” என்றார் டாக்டர்.

விழைவறி ஊரெல்லாம் பரவியதற்குக் காரணமே இந்தப் பேச்சுதான். அது வருவதற்கு முன்னால், மருத்துவமனைத் தாழ்வாரங்களில் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘எடுத்துருங்க’ என்று சொன்ன மகள் சாகும்வரை அக்கா முகத்தைப் பார்க்க மாட்டாள். விழைவறியை உருவாக்கிய டாக்டர் நிரஞ்சன் அதற்கெல்லாம் முடிவு கட்டினார். எல்லார் கழுத்திலும் செவிமணி ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். சாவியை எங்கே வைத்தோம் என்று நினைவூட்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும், அதற்காகவே நாம் பேசுவதையெல்லாம் கேட்டுச் சேர்த்து வைக்கும். அந்தக் குவியலில் அன்றாட அரட்டையைத் தள்ளிவிட்டு, வாழ்வு சாவைப் பற்றிப் பேசியதை மட்டும் பொறுக்கி, எத்தனை முறை சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்று எடை போட்டுப் பார்ப்பதுதான் விழைவறியின் வேலை. பழி யார் தலையிலும் விழவில்லை. நிரஞ்சனைச் சாமி என்று கும்பிட்டவர்கள் உண்டு. அதில் பாதி அவருக்குத் தகும் என்றே சொல்லவேண்டும். எண் கிடைத்ததும் வரும் காகிதத்துக்கு ‘விடுவிப்பு ஆணை’ என்று பெயர். யாரிடமிருந்து யாருக்கு விடுதலை என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

சுபிக்‌ஷா காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆணையை நிறுத்தி வைங்க. நான் கோர்ட்டுக்குப் போகோணும்.”

டாக்டருக்குப் புரியவில்லை. “எதுக்கும்மா?”

“அவரு கண்ணு என்னைப் பாக்குதுங்க.”

“அது தன்னால நடக்கிறதும்மா. அப்படித்தான் தெரியும்.”

“இருவத்தஞ்சு வருசமாப் பாத்த கண்ணுங்க. தன்னால பாக்குறதும் என்னைப் பாக்குறதும் எனக்குத் தெரியாதுங்களா?”

அன்று சாயங்காலமே அவர் வக்கீல் பிரணிதாவின் அலுவலகத்துக்குப் போனார்.

பிரணிதாவைத் திருப்பூரில் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வயதில், பல்லடம் சாலைத் திருப்பத்தில் இருசக்கர வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவர். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. சக்கர நாற்காலியைத் தாடையால் ஓட்டுவார். முதுகுக்குப் பின்னால் மூச்சுத்துணை ஓடிக்கொண்டிருக்கும். அது காற்றை உள்ளே தள்ளும்போது பேசுவார், நிற்கும்போது நிறுத்துவார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்த இடைவெளியில் புகுந்துகொள்ளப் பார்ப்பார்கள். பிரணிதா சண்டைக்குப் போகமாட்டார். அடுத்த மூச்சில், விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். அதைப் பணிவு என்று நினைத்த நிறையப் பேர் வழக்கைத் தோற்றிருக்கிறார்கள்.

“அவரு அப்படிச் சொன்னது நெசமா?” என்று கேட்டார் பிரணிதா.

“நெசந்தானுங்க. சொல்லுவாரு.”

“எங்க வச்சுச் சொல்லுவாரு?”

“எழவு வீட்டுலதானுங்க.” சுபிக்‌ஷா சேலை முந்தானையை விரலில் சுற்றினார். “ஒரு எழவு விடமாட்டாருங்க அவரு. பங்காளி, மாமன் மச்சான் மட்டுமில்ல, பனியன் கம்பெனில இவருகூட டைலரா இருந்தவங்க, பக்கத்து வீதி ஆளுங்க, யாரு போனாலும் மொத ஆளாப் போயி நிப்பாரு. அந்த வீட்டாளுங்க கையைப் புடிச்சுட்டு…” பாதியில் நிறுத்தினார். “நீங்களும் அதைத்தானுங்களே சொல்லுவீங்க?”

பிரணிதாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அந்தச் சீமையில் சொல்லாதவர் யார்? ஒருவர் திடீரென்று போய்விட்டால், துக்கம் கேட்கப் போகிறவர்கள் அந்த வீட்டு மனிதரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘குடுத்து வச்ச மனுசன். படுக்கையில கெடக்காம, யாருக்கும் பாரமா இல்லாம போயிட்டாரு. நம்மளுக்கும் இப்படி ஒரு சாவு வரோணும்’ என்பார்கள். அழுகிறவருக்கு அந்த நேரத்தில் கொடுக்க வேறு ஆறுதல் இல்லை. சொல்கிறவர்களும் பொய்யாகச் சொல்வதில்லை, குரல் உடையத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது, காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா என்று செவிமணியைக் கேட்பார்கள். அந்தக் கேள்வி அன்றாட அரட்டை. விழைவறி அதைத் தள்ளிவிடும்.

“அப்ப, மரியாதை தெரிஞ்ச மனுசனுக்குத்தான்” என்று தொடங்கிய பிரணிதா மூச்சுக்குக் காத்திருந்து முடித்தார், “மூச்சை நிறுத்துவாங்களா? இதை நான் விடறதா இல்லீங்க.”

இத்தகைய வழக்குகளை விசாரிக்க உயிர்த்துணை ஆயம் என்று ஒன்று இருந்தது. அது இரண்டாம் மாடியில் இருந்தது. லிப்டுக்குள் பிரணிதாவின் நாற்காலி நுழையாது. முதுகுப்பக்கக் கருவி கதவில் இடிக்கும். முன்பெல்லாம் கீழே இருந்தபடியே திரை வழியாக வாதாடினார். மூன்று வழக்கு அப்படி நடந்தது, மூன்றும் தோல்வி. இந்த முறை, அவரைப்போல மூச்சுத்துணையில் வாழ்கிறவர்களின் துணைமூச்சுக்காரர் சங்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களும் சக்கர நாற்காலிகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். பிரணிதா மேலே சொல்லியனுப்பினார்: திரையில் வரமாட்டேன், எல்லாரும் கீழே இருக்கிறோம்.

ஆயத்தின் தலைவர் மெர்லின் ஜெபக்கனி, நாசரேத் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

“என்னம்மா இது, கார் நிறுத்துற எடத்துல கோர்ட்டு நடத்தச் சொல்லுதீங்க?”

“உசுரோட இருக்கலாமான்னு விசாரிக்கிற எடத்துக்கு, எங்களால ஏறி வர முடியலைங்கம்மா. வழி போட்டுக் குடுங்க, அங்கயே வர்றோம்.”

ஜெபக்கனி சுற்றிலும் நின்ற நாற்காலிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடச் சொல்லி அங்கேயே உட்கார்ந்தார்.

நிரஞ்சன் சாட்சி சொல்ல வந்திருந்தார். மென்மையான மனிதர், யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர்.

“யுகேந்திரன் இதையெல்லாம் எங்க வச்சுச் சொன்னாருன்னு பாத்தீங்களா டாக்டர்?”

“இடம் முக்கியமில்லைங்க. மனசார சொல்றதுக்கும் சும்மா சொல்றதுக்கும் குரல்ல வித்தியாசம் இருக்கு. இவர் குரல் ஒவ்வொரு தடவையும் தழுதழுத்திருக்கு.”

“எழவு வீட்டுல யாருக்குத்தான் தழுதழுக்காது?”

நாற்காலிகளுக்கு நடுவில் சிரிப்பு எழுந்தது. இடத்தையும் காட்டச் சொன்னார் ஜெபக்கனி. விழைவறியின் திரையில் ஊர்ப்பெயர்கள் ஓடின. அவிநாசி, ஊத்துக்குளி, வெள்ளகோவில், மூலனூர். துக்க வீடு, துக்க வீடு, மறுபடியும் துக்க வீடு.

“உங்களுக்கு எந்த ஊரு டாக்டர்?” என்றார் ஜெபக்கனி.

“காங்கயம்.”

“அப்ப இந்தப் பேச்சு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே.”

நிரஞ்சன் முகம் சற்றுச் சிவந்தது. ஆனாலும் அவர் அசட்டு மனிதரல்ல. திரையைத் தொட்டார். “துக்க வீட்டுல சொன்னதையெல்லாம் எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, எண்பத்தாறு. மத்த எடத்துலயும் சொல்லியிருக்கார். டீக்கடையில, மச்சான்கிட்ட, யாரோ படுத்த படுக்கையா இருக்காங்கன்னு கேள்விப்பட்டப்ப. அதுக்கு என்ன சொல்றீங்க?”

எண்பத்தாறும் எண்பதுக்கு மேலேதான். இத்தனை தூரம் வந்தும் ஆணை அப்படியே நின்றது.

பிரணிதா கலங்கவில்லை. “இன்னொருத்தருக்கும் பாத்துருங்க டாக்டர். என் மடியில ஒரு டப்பா இருக்கு.”

டப்பாவுக்குள் பழைய செவிமணி ஒன்று இருந்தது. மேலெல்லாம் கீறல். “விபத்து அன்னைக்குக் கழுத்துல கெடந்தது. அதுவரைக்கும் நான் பேசினது பூராவும் இதுல இருக்கு. கழுத்துக்குக் கீழ வேலை செய்யாம, மூச்சுத்துணையில இருக்கிற ஒரு பொம்பளை. இவளுக்கு என்ன விருப்பம்னு கேளுங்க.”

நிரஞ்சன் தயங்கினார். ஜெபக்கனி தலையசைத்தார். செவிமணி விழைவறிக்குள் போயிற்று. நாலு நிமிடத்தில் எண் வந்தது.

தொண்ணூற்று ஏழு.

எண்ணோடு அதன் முக்கிய ஆதாரத்தையும் ஒலிக்கவிடுவது விழைவறியின் வழக்கம். ஓர் இளம்பெண்ணின் குரல் கார் நிறுத்தும் இடம் முழுக்கக் கேட்டது. மூச்சே விடாமல், படபடவென்று பேசியது. “ஏய், மெசின்ல மூச்சு விடற அந்தக்கா மாதிரி எனக்கு ஆச்சுன்னா யோசிக்காம கரண்டைப் புடுங்கி விட்டுருங்கடி, சத்தியமாச் சொல்றேன், ஒரு நாள்கூட அப்படி இருக்கமாட்டேன்!”

அந்தக் குரலை பிரணிதாவே இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டதில்லை. தான் ஒரு காலத்தில் இவ்வளவு வேகமாகப் பேசினோம் என்பது மறந்தே போயிருந்தது. கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ள அவரால் முடியாது. சுபிக்‌ஷா எழுந்துபோய்த் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

“அந்தப் புள்ள பொய் சொல்லலீங்க” என்றார் பிரணிதா. “மனசாரத்தான் சொன்னா. ஆனா அவளுக்கு என்னைத் தெரியாது. நான் கோர்ட்டுக்குப் போவேன்னு தெரியாது. என் அக்கா மகளுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக் குடுத்தேன்னு தெரியாது. இந்தப் பொழப்பை ஒரு நாளும் பொழைக்காதவ, இதைப் பத்தித் தீர்ப்புச் சொல்லிட்டா. அன்னைக்கு இந்த மெசினு இருந்திருந்தா, இன்னைக்கு இந்த வழக்கை நடத்த நான் இல்லைங்க.”

நிரஞ்சன் கேட்டார். “மனசு மாறினதைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்குங்க. அவருக்கு என்ன இருக்கு?”

“கண்ணு இருக்கு. கேட்டுப் பாத்தீங்களா?”

யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. மருத்துவமனைகளில் முன்பு கண்ணசைவைப் பேச்சாக மாற்றப் பழக்குகிறவர்கள் இருந்தார்கள். நாலு நிமிடத்தில் விழைவறி சொல்லிவிடுவதை மாதக்கணக்கில் கண்ணிமையிடம் கேட்பானேன் என்று, அவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

“அவரைப் பொழைக்க வைங்கன்னு நான் கேக்கல” என்றார் பிரணிதா. “அவரைக் கேளுங்கன்னுதான் கேக்கறேன். நிறுத்திருங்கன்னு அவரே சொன்னா, அதுக்கும் நானே வந்து வாதாடறேன்.”

சுபிக்‌ஷா திடுக்கிட்டு பிரணிதாவைப் பார்த்தார். அந்த வார்த்தை அவருக்கு வலித்தது. ஆடி முடியும்வரை கேட்டுப் பாருங்கள், அதுவரை கருவியைத் தொடக்கூடாது என்று ஜெபக்கனி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆணையிட்டார்.

சங்கத்திலிருந்து ஜாபர் வந்தார். பழைய கண்பழக்குநர்; வேலை போனபிறகு சங்கத்தில் சேர்ந்தவர். கட்டிலுக்கு மேலே கண்பேசியைப் பொருத்தினார். எழுத்துகள் வரிசை வரிசையாகத் திரையில் நகரும். வேண்டிய வரிசை வரும்போது கண்ணை மேலே தூக்கவேண்டும், பிறகு வேண்டிய எழுத்துக்கு இன்னொரு முறை. கேட்க எளிது. யுகேந்திரனின் கண் திரையைப் பார்க்கும், பிறகு நழுவி சீலிங்குக்குப் போய்விடும். ஒரு வாரம் போயிற்று. ஆடிப்பெருக்கும் போயிற்று.

“இன்னைக்கு வரலைன்னா நாளைக்குங்கக்கா. தசைக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, வேறொண்ணுமில்ல” என்பார் ஜாபர்.

சுபிக்‌ஷா விடவில்லை. காலையில் பல் துலக்கியதும் வந்து உட்கார்ந்து, எழுத்து வரிசைகளைக் கூடவே வாய்விட்டுப் படிப்பார். பிரணிதா கோர்ட் முடிந்து வந்து பக்கத்தில் நிற்பார். இரண்டு மூச்சுத்துணைகளும் அறையில் மாறி மாறிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இடையில் சொந்தக்காரர்கள் வந்துபோனார்கள். யுகேந்திரன் யார் வீட்டு எழவையும் விடாதவர் அல்லவா, அவர்களும் கடன் வைக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று தலையை ஆட்டினார்கள்.

“எப்படி இருந்த மனுசன்! பகையாளிக்கும் இந்தக் கதி வரக்கூடாது” என்றார் சித்தப்பா ஒருவர். “போயிட்டாக்கூடத் தேவலை” என்று இன்னொருவர் மூக்கை உறிஞ்சினார்.

அப்போது கண்பேசி டிங் என்றது. ஜாபர் திரும்பினார். யுகேந்திரனின் கண் மேலே போயிருந்தது. அடுத்த வரிசை ஓடியது; மறுபடியும் மேலே போயிற்று. எழுத்து எழுத்தாக, வியர்வை வழிய வழிய அவர் எழுதி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பழைய செவிமணியிலிருந்து எடுத்துப் பொருத்திய அவருடைய சொந்தக் குரலிலேயே கண்பேசி அதைப் படித்தது.

“எழவு கேக்க வந்தவங்களை வெளிய போகச் சொல்லு. நான் இன்னும் சாகல.”

சித்தப்பா செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். சுபிக்‌ஷா சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாயிற்று.

மறுநாள் ஜெபக்கனியும் நிரஞ்சனும் முன்னால் நிற்க, பிரணிதா அந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டார். “மூச்சுத்துணை வேணுமா, நிறுத்திரலாமா? எதுன்னாலும் நான் உங்க பக்கந்தான்.”

யுகேந்திரன் நிதானமாக எழுதினார்.

“வேணும். கம்பெனில தீபாவளி ஆர்டர் என்னாச்சு?”

அன்றிலிருந்து சட்டத்தில் ஒரு வரி கூடியது: கேட்க முடிந்தவரிடம் முதலில் கேட்கவேண்டும். கண்பழக்குநர்களை மருத்துவமனைகள் திரும்பக் கூப்பிட்டன. ஆயம் தரைத்தளத்துக்கு வந்தது. கேட்கவே முடியாதவர்களுக்காக விழைவறி அப்படியே இருந்தது. ஒருவரின் எண் மாறாதா என்று பார்க்க, யுகேந்திரனின் பேச்சை மட்டும் நிரஞ்சன் தன் கைக்கடிகாரத்தில் தொடர்ந்து கவனித்துவந்தார், யுகேந்திரனும் சம்மதித்திருந்தார்.

ஆனால் செய்தி பரவிவிட்டது. துக்க வீட்டில் சொல்லும் வார்த்தையை செவிமணி எடை போடுகிறது என்று தெரிந்ததும், துக்க வீடுகள் ஊமையாகிவிட்டன. வருகிறவர்கள் கையைப் பிடிப்பார்கள், வாயைத் திறப்பார்கள், கழுத்து மணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்கள். தாராபுரத்தில் ஒருவர் ஜாக்கிரதையாக, ‘இன்னும் கொஞ்ச நாள் படுக்கையில இருந்துட்டுப் போயிருக்கலாம்’ என்று சொல்லி அடிவாங்கப் பார்த்தார்.

தை மாதத்தில் நிரஞ்சனின் தாயார் காலமானார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். காங்கயத்து வீட்டுக்கு ஊரே வந்தது. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள். நிரஞ்சனுக்கு அழுகை வரவில்லை. மனம் எதற்கோ காத்திருந்தது போலிருந்தது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் வாசலில் வேன் வந்து நின்று, சாய்பலகை இறங்கியது. யுகேந்திரன் வந்திருந்தார். சுபிக்‌ஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிரஞ்சனுக்கு எதிரே நிறுத்தி, கணவரின் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார். நாற்காலியில் பொருத்திய திரையில் எழுத்துகள் நகரத் தொடங்கின. கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. கடைசியில், அடைப்பு வருவதற்கு முந்தைய அந்தப் பழைய குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“குடுத்து வச்ச அம்மா. படுக்கையில கெடக்காம போயிட்டாங்க. நம்மளுக்கும் இப்படி ஒரு சாவு வரோணும்.”

கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. யுகேந்திரனின் கருவி மட்டும் விட்டது. நிரஞ்சன் அசையாத அந்தக் கையைத் தன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைப்போல வாய்விட்டு அழுதார். அழும்போதே மணிக்கட்டில் கடிகாரம் துடித்தது. யுகேந்திரனின் எண் தொண்ணூற்று ஐந்து ஆகியிருந்தது.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. யுகேந்திரனும் சொல்லவில்லை. நாற்காலி சத்தமில்லாமல் வாசலைக் கடந்தது. சாய்பலகையில் ஏறும்போது கண்பேசி மறுபடியும் பேசியது.

“பேட்டரில சார்ஜ் இருக்குதான்னு பாரு.”

கூடத்திலிருந்த நிரஞ்சனுக்கும் அது கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். எண் அசையவில்லை. அது வெறும் அன்றாட அரட்டை. விழைவறி அதைத் தள்ளிவிட்டிருந்தது.